புதியது என்று எப்போது சொல்லலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

பவளப்பாறைப் பக்கம் ஒரு தேக்கரண்டி கடல்நீரை மொண்டால் அதில் பாக்டீரியாக்கள் இலட்சக்கணக்கில் இருக்கும். அதில் ஒன்றைக் காட்டி, “இது இதுவரை யாரும் பெயர் வைக்காதது” என்று சொல்வது அவ்வளவு லேசில்லை. அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் வளர்க்க வேண்டும். கடல்நீர் உப்புகளும் கொஞ்சம் சத்தும் சேர்த்த அகர் என்ற கூழ் பரப்பிய தட்டில் ஒரு துளியைத் தேய்த்து வைத்தால், சில நாளில் புள்ளி புள்ளியாகக் காலனிகள் எழும்பும். இந்த அகரும் கடல் தந்ததுதான். மன்னார் வளைகுடாவில் நம் மீனவப் பெண்கள் முங்கிப் பறிக்கிற பாசியிலிருந்தும் எடுக்கிறார்கள். ஆனால் நீரில் இருப்பவற்றில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தட்டில் வளர்வதில்லை.

சரி, ஒன்று வளர்ந்துவிட்டது. அது யார்? எல்லாப் பாக்டீரியாவிலும் 16எஸ் என்றொரு மரபணு உண்டு, ஏறக்குறைய 1500 எழுத்து நீளம். அதைப் படித்துத் தரவுத்தளத்தில் தேடினால் நெருங்கிய சொந்தக்காரர் தெரிந்துவிடும். ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே என்றால் வேறு இனம் என்று நம்பலாம். மேலே போனால்தான் தலைவலி. விப்ரியோ வகையறாவில், காலரா கிருமியும் இதில் சேர்ந்ததுதான், அண்ணன் தம்பி எல்லாருக்கும் ஒரே முகஜாடை. அப்போது முழு மரபணுத்தொகுதியையும் ஒப்பிட வேண்டும். சராசரி ஒற்றுமை 95, 96 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தனி இனம். இந்த வசதி வருமுன், இரண்டு டிஎன்ஏக்களைக் கலந்து எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்ப்பார்கள்; 70 சதவீதம் எல்லைக்கோடு.

இதில் கைதேர்ந்தவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். இஸ்ரேலின் மத்தியதரைக் கடலோரத்தில் ஆக்குலினா பட்டகோனிக்கா என்ற பவளம் கோடையில் வெளுத்துப்போனது. அதிலிருந்து ஒரு விப்ரியோவைப் பிரித்தெடுத்தார்கள். தண்ணீர் சூடானால் பவளத்தில் ஒட்டிக்கொள்ளும், குளிர்ந்தால் ஒட்டாது. பவளம் வெளுக்க ஒரு பாக்டீரியாதான் காரணம் என்றது 1996இல் பெரிய செய்தி. 2001இல் அதைப் புது இனமாக அறிவித்து, மோஷே ஷிலோ என்ற நுண்ணுயிரியலாளர் நினைவாக விப்ரியோ ஷிலோய் என்று பெயரிட்டார்கள். பிறகு லத்தீன் இலக்கணம் சரியில்லை என்று அதை ஷிலோனி என்று திருத்தினார்கள்.

திருத்தி என்ன பயன்? அதே 2001இல் வேறொரு குழு டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இது 1986இலேயே பெயர் பெற்ற விப்ரியோ மெடிட்டரேனியைதான் என்று சொல்லிவிட்டது. மூத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. ஷிலோவின் பெயர் துணைப்பெயராகிவிட்டது.

இதை அவமானமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. புது இனம் என்று அறிவிப்பவர் அதன் மாதிரியை வெவ்வேறு நாடுகளில் குறைந்தது இரண்டு சேமிப்பகங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று இப்போது விதியே இருக்கிறது. யார் கேட்டாலும் கிடைக்கும், சோதித்துப் பார்க்கலாம். ஷிலோ பெயர் வைத்த அந்த விப்ரியோவின் மாதிரி, ஏகே1, அதுவும் அப்படிச் சேமிப்பகத்துக்குப் போனதுதான். சில ஆண்டு கழித்து அதே பவளத்தில் தேடியவர்களுக்கு அந்த விப்ரியோ அகப்படவே இல்லை. பவளம் அதை எதிர்க்கப் பழகிவிட்டது என்றார்கள். கடலில் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஏகே1 மட்டும் சேமிப்பகக் குப்பியில் உறைந்து கிடக்கிறது.

நன்றி, வணக்கம்.