கோப்பையைத் தண்ணீரிலேயே வைத்திருந்த ராணுவ மருத்துவர்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைய காணொளியில், ராணுவ மருத்துவராகவும் துடுப்புப் படகுப் போட்டியாளராகவும் வாழ்ந்த ஆஸ்திரேலியர் கிளைவ் டிஷரைப் பற்றிப் பேசுகிறேன்.

1891-இல் விக்டோரியா மாநிலத்தின் ரோஸ்டேல் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றபோதே பல்கலைக்கழகப் படகில் துடுப்பு வலித்தவர். பட்டம் பெற்ற கையோடு ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து, முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையில் பணியாற்றினார்.

1918 நவம்பரில் போர் ஓய்ந்தபோதும் வீரர்களால் உடனே ஊர் திரும்ப முடியவில்லை. அத்தனை பேரையும் ஏற்றிச் செல்லக் கப்பல்கள் போதாததால் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. சும்மா இருக்கும் படை சிக்கலில் சிக்கும் என்பதை அறிந்த அதிகாரிகள் விளையாட்டுப் போட்டிகளுக்கு ஏற்பாடு செய்தனர். அவற்றுள் ஒன்றுதான் 1919 ஜூலையில் தேம்ஸ் நதியின் ஹென்லியில் நடந்த சமாதானப் படகுப் போட்டி. அதில் படைவீரர்களின் எட்டுத் துடுப்புப் படகுகளுக்கு மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் ஒரு கோப்பையை அளித்தார்.

ஆஸ்திரேலியப் படகில் டிஷருக்குக் கிடைத்த இடம் 'ஸ்ட்ரோக்'. படகின் பின்முனையருகே, சுக்கானைக் கவனிக்கும் காக்ஸுக்கு நேர் எதிரே அமர்ந்து, நிமிடத்திற்கு எத்தனை வலிப்பு என்னும் தாளத்தை நிர்ணயிப்பவர் அவரே. பின்னால் இருக்கும் ஏழு பேரும் அவர் துடுப்பு நீரில் இறங்கும் அதே கணத்தில் தம் துடுப்பை இறக்கியாக வேண்டும். தாளத்தைச் சற்று முன்கூட்டியே ஏற்றிவிட்டால் எழுவரின் மூச்சும் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும் என்பதால், இந்த இடத்திற்கு வலிமையைவிடப் பொறுமையே முக்கியம் என்பது என் எண்ணம். அந்தப் படகில் இருந்த சிட் மிடில்டன், 1908 ஒலிம்பிக்கில் ரக்பிக்காகத் தங்கம் வென்று, 1912-இல் துடுப்பு வலிக்க மீண்டும் ஒலிம்பிக் சென்றவர். அப்படிப்பட்டவரும் டிஷரின் தாளத்துக்குத்தான் வலித்தார்! இறுதிப் போட்டியில் அவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு அணியை வென்றனர்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. வென்று வந்த கோப்பையைப் போர் நினைவுப் பொருளாக அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்பது அதிகாரிகளின் விருப்பம். படகு வலித்தவர்களுக்கோ அது கண்ணாடிப் பெட்டிக்குள் முடங்குவதில் உடன்பாடில்லை. விவகாரம் மன்னர் வரை சென்றது. மாநிலங்களுக்கிடையே ஆண்டுதோறும் நடக்கும் எட்டுத் துடுப்புப் போட்டிக்கே அது சுழற்கோப்பையாக வேண்டும் என்று அவர் தெரிவித்துவிட்டார். இன்றும் ஆஸ்திரேலிய மாநில அணிகள் 'கிங்ஸ் கப்' என்ற பெயரில் மோதுவது அந்தக் கோப்பைக்காகத்தான்.

டிஷர் இரண்டாம் உலகப் போரிலும் மருத்துவப் பிரிவில் பணியாற்றி பிரிகேடியர் ஆனார். கிப்ஸ்லாந்தில் தமக்கிருந்த ஸ்ட்ராத்ஃபீல்ட்சே பண்ணையைத் தாம் படித்த மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்கே விட்டுவிட்டு, 1976-இல் காலமானார்.