இலை தானே நீலத்தில் வரைந்துகொண்ட படம்

வணக்கம் எல்லோருக்கும். கையில் இருக்கிற இந்தத் தாளைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன், பாருங்கள். நீலத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு பெரணி இலை, அதில் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிகிறது. பென்சிலே தொடவில்லை. இலையைத் தாளில் வைத்து வெயிலில் காட்டினோம், மீதியை அதுவே பார்த்துக்கொண்டது.

இதற்குப் பெயர் சயனோடைப். 1842இல் ஜான் ஹெர்ஷல் என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்தது. ஆனால் நான் இன்று பேச வந்தது இரண்டு பெண்களைப் பற்றி: அன்னா அட்கின்ஸ், அவருடைய தோழி ஆன் டிக்சன். இருவரும் சிறு வயதிலிருந்தே உடன்பிறந்தவர்கள் மாதிரி. அட்கின்ஸின் அப்பா ஒரு விஞ்ஞானி, ஹெர்ஷலின் நண்பரும்கூட. அதனால் புது முறை சீக்கிரமே இவர் கைக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டே, 1843இல், கடற்பாசிகளை ஒவ்வொன்றாகத் தாளில் பரப்பி அச்செடுத்துத் தொகுக்க ஆரம்பித்தார், அதுதான் ஒளிப்படங்களோடு வந்த முதல் புத்தகம் என்று சொல்கிறார்கள், அந்த வேலை கிட்டத்தட்ட 10 வருடம் ஓடியது. அத்தனை பிரதியும் கையால் செய்தது! பெயர் போட வேண்டிய இடத்தில் ஏ.ஏ. என்று மட்டும் எழுதினார். பின்னாளில் அதை 'அனானிமஸ் அமெச்சூர்', அதாவது பெயர் தெரியாத ஒரு ஆர்வலர், என்று படித்தவர்கள் உண்டு, அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

1852இல் அப்பா இறந்துபோகிறார். பிறந்த கொஞ்ச நாளிலேயே அம்மாவை இழந்தவருக்கு எல்லாமுமாக இருந்தவர் அவர். அந்தக் கோடையில் டிக்சன் வந்து கூடவே தங்குகிறார், இரண்டு பேரும் சேர்ந்து அச்செடுக்கிறார்கள். பெரணி, பூ, அப்புறம் இறகு, லேஸ் துணிகூட. கடற்பாசிப் படங்களில் ஒரு மாணவியின் ஒழுங்கு இருக்கும், தோழியோடு செய்ததில் கை தளர்ந்திருக்கிறது, அழகுக்காகவே ஒன்றை வைத்துப் பார்க்கிற துணிச்சல் தெரிகிறது. துக்கத்தில் இருந்தவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்தது அவரை எங்கே கொண்டுபோயிருக்கிறது பாருங்கள்.

அதனால்தான் நானும் தனியாகச் செய்யாமல் என் தோழியைக் கூப்பிட்டேன். ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு என்று இரண்டு இரும்பு உப்புகள், இரண்டையும் தனித்தனியே தண்ணீரில் கரைத்து, சம அளவு கலந்து, மங்கலான வெளிச்சத்தில் தாளில் பூசி, இருட்டில் காயவிட வேண்டும். கையுறை கட்டாயம், சமையல் பாத்திரம் வேண்டாம், அமிலம் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் இரும்பு மாறி, தண்ணீரில் கரையாத பிரஷ்யன் நீலம் என்கிற நிறமி ஆகிறது. இலை மறைத்த இடத்தில் பூச்சு மாறாமலே இருப்பதால் தண்ணீரில் கரைந்து போய்விடும், அந்த வெறுமைதான் இலையின் உருவம்.

இலை அசையாமல் இருக்க மேலே வைத்த கண்ணாடியை நான் இரண்டு முறை தூக்கி எட்டிப் பார்த்தேன், இலை நகர்ந்து என் படத்தின் விளிம்பு இரட்டையாகிவிட்டது. என் தோழி அசையவே இல்லை. அவளுடையது கத்தியால் வெட்டியது போல இருக்கிறது. எனக்குக் காத்திருக்க வராது என்பதை வேறு யார் சொன்னாலும் மறுத்திருப்பேன், தாளிலேயே பதிந்திருப்பதை எப்படி மறுப்பது? ஆனால் அவளோ என் படத்தைத்தான் கேட்டாள், காற்றடிக்கிற மாதிரி இருக்கிறதாம். அவளுக்கு ஒழுங்கு அலுத்துவிட்டது என்று அப்போதுதான் சொன்னாள், இத்தனை வருடப் பழக்கத்தில் முதல் முறையாக.

சரி, கடைசித் தாள் ஒரே கண்ணாடிக்கடியில் இருவரும் சேர்ந்து வைத்தது, இப்போது தண்ணீரில் இருக்கிறது. மஞ்சள் கரைந்து போகிறது, நீலம் நாளைக்கு இன்னும் அடர்த்தியாகும். மேலே இருக்கிற இறகு நான் வைத்தது. இந்த முறை நான் கண்ணாடியைத் தொடவில்லை, எட்டிப் பார்த்தது அவள்.