பாடியவர் பெயர் தெரியும், வாசித்தவர் பெயர்?

(திருச்சியில் வாசகர் வட்ட மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, வார்டு வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, இந்தக் கூடத்துக்கு மின்விசிறிகள் வாங்கித் தந்த புரவலர் ஐயா அவர்களே (அதில் ஒன்றின் கீழேதான் நிற்கிறேன், அதற்குத் தனியாக ஒரு நன்றி), நம் வட்டத்தின் அழைப்பிதழ்களை இன்றுவரை கடனுக்கே அடித்துத் தரும் அச்சக உரிமையாளர் அவர்களே, ஒலிபெருக்கி கட்டிய தம்பி, வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த கூட்டத்தில் பேச வருபவருக்கு அதே பொன்னாடையைப் போர்த்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

சென்ற மாதம் சிலப்பதிகாரத்து யாழைப் பற்றிப் பேசிய இந்த மேடையில் ஓர் ஆங்கில ராக் பாட்டா என்று தலைவர் தொலைபேசியில் தயங்கினார். முக்கால் மணி நேரம் போதுமா என்று கேட்டேன். உடனே அரை மணி நேரமாக்கிவிட்டார். அதிலும் வாழ்த்துரைகளில் பத்து நிமிடம் போய்விட்டது.

பாட்டின் பெயர் ‘எ ஒய்ட்டர் ஷேட் ஆஃப் பேல்’. பாடிய குழு புரோக்கல் ஹாரம். லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் பதிவாகி, 1967 மே 12 அன்று இசைத்தட்டாக வந்தது. ஜூன் 8-ல் பிரிட்டன் பட்டியலில் முதலிடம். ஆறு வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அதைக் கீழே இறக்க பீட்டில்ஸ் வரவேண்டியிருந்தது. 2009-ல் கணக்கெடுத்தபோது, கடந்த 75 ஆண்டுகளில் பிரிட்டனின் பொது இடங்களில் அதிகம் ஒலித்த பாட்டு இதுதான் என்று அறிவித்தார்கள். ஒரு புதுக் குழுவின் முதல் இசைத்தட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

இது ஏன் இன்னும் நிற்கிறது? மூன்று காரணம் சொல்லப்போகிறேன். ஒன்று மெட்டு. இரண்டு வரிகள். மூன்று வாசித்த கைகள்.

முதலில் மெட்டு. சங்கீதம் தெரிந்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள், பிழை இருந்தால் கூட்டம் முடிந்து காதைப் பிடியுங்கள். இந்தப் பாட்டின் அடியில் ஓடும் கீழ் சுரங்களை மட்டும் தனியாகக் கேளுங்கள். மேல் ஷட்ஜத்தில் தொடங்கி நி, த, ப, ம, க, ரி, ச என்று படிப்படியாக இறங்கும். நம் கணக்கில் அது சங்கராபரணத்தின் அவரோகணம், ஒரு சுரம்கூட விடாமல். இறங்கி முடித்ததும் பஞ்சமத்துக்கு ஏறி, மறுபடியும் இறங்கும். அதன்மேல் ஆர்கன் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கீழே தரை நகர்கிறது, மேலே சுரம் அசையவில்லை. 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மேதை பாக் தம் மூன்றாவது ஆர்கெஸ்ட்ரா தொகுப்பில் ‘ஏர்’ என்ற பகுதியை இப்படித்தான் தொடங்குகிறார். பாக்கின் மெட்டை முழுதாக எடுத்ததில்லை, ஆனால் சாயல் அதேதான். அதனால்தான் முதல் தடவை கேட்பவருக்கே, இதை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றிவிடுகிறது. அந்த ஆர்கனோ ஹேமண்ட் மின் ஆர்கன். அதன் ஒலி லெஸ்லி ஸ்பீக்கர் வழியே வரும். பெட்டிக்குள்ளேயே கொம்பு சுழல்வதால் சுரம் தானாகவே அலைபோல் நடுங்கும். மாதா கோயிலும் இரவு நடன அரங்கும் ஒரே கூரையின்கீழ் வந்த மாதிரி இருக்கும்.

வரிகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எழுதியவர் கீத் ரீட். நான்கு சரணம் எழுதினார், தட்டில் இரண்டுதான் இருக்கிறது என்பதை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காரணத்துக்குத்தான் நான் வந்தேன். அதற்கு முன் நம் ஊர்க் கதை ஒன்று. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பரவாயில்லை.

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்த ஓர் அண்ணன். பகலில் ஸ்பானர், ராத்திரியில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. பொன்மலை உங்களுக்குத் தெரியும், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்த இடம். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இலங்கை வானொலி ஆங்கில நிகழ்ச்சி பாடிக்கொண்டே இருக்குமாம். அண்ணன் இந்தப் பாட்டின் ஆர்கன் பகுதியைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றே காதால் பிடித்தவர். நோட்ஸும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது.

ஒரு கல்யாண வரவேற்பு. பந்தி நடக்கிறது. பந்தி நேரத்தில் பாடகர்களும் சாப்பிடப் போய்விடுவார்கள், மேடையில் வாத்தியம் மட்டும் ஓடும், அது குழுக்களின் வழக்கம். அண்ணன் இந்தப் பாட்டை எடுத்தார். இலைமுன் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, பாயசத்தை நிறுத்திவிட்டு, “இது என்ன, மாதா கோயில் பாட்டா? நல்லா இருக்கே, இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லு” என்றார். இன்னொரு தரம் வாசித்தார். பாட்டி இன்னொரு தரம் பாயசம் வாங்கினார்.

பந்தி முடிந்தது, மரியாதை தொடங்கியது. பெண்ணின் தாய்மாமா பெரிய மனிதர், பட்டு வேட்டி, கையில் துண்டுகளின் அடுக்கு. பாடியவருக்கு ஒரு துண்டு. பாடிய அம்மாவுக்கு ஒரு துண்டு. அறிவிப்பாளருக்கு ஒன்று. மைக் செட் தம்பிக்கு ஒன்று. சமையல் மாஸ்டருக்கு ஒன்று. ஜெனரேட்டர் கொண்டுவந்தவருக்கும் ஒன்று, அப்போது ஜெனரேட்டர் ஓடவே இல்லை! கீபோர்டுக்கு நேராக வந்தார், அதைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கிவிட்டார்.

அடுத்த பாட்டு ஆரம்பம். கரண்ட் போச்சு. துண்டு போர்த்திக்கொண்டவர் ஜெனரேட்டரை இழு இழு என்று இழுக்கிறார், அது இருமுகிறது, எழவில்லை. தாய்மாமா இருட்டில் சத்தம் போட்டார்: “பாடுறவர்தான் இருக்காரே, சும்மா பாடச் சொல்லுங்கப்பா!” அவரும் பாடினார். பிடிக்கச் சுருதி இல்லை. பல்லவி ஒரு கட்டையில், சரணம் இன்னொரு கட்டையில். குழந்தைகள் சிரிக்கத் தொடங்கிவிட்டன. அப்போது நம் அண்ணன் மேடைக்குப் பின்னால் போய், அவசரத்துக்கென்று கொண்டுவந்திருந்த பழைய ஆர்மோனியத்தைத் தூக்கிவந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுருதி கொடுத்தார். பாட்டு நிமிர்ந்தது. ஒரே கைதட்டல். தாய்மாமா டார்ச் லைட்டோடு ஓடிவந்தார். “யாருய்யா நீ? உன் பேரு என்ன?”

அண்ணன் எழுந்திருக்கவில்லை. “பத்திரிகையில நீங்களே போட்டிருக்கீங்களே ஐயா. பாடுறவங்க பேருக்குக் கீழே, ‘மற்றும் குழுவினர்’னு. அது நான்தான்.”

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். நம் அண்ணனுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

இனி லண்டனுக்குப் போவோம். அந்த ஆர்கனை வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். தட்டில் பாட்டின் ஆசிரியர்கள் என்று இருந்த பெயர்கள் இரண்டு. பாடியும் பியானோ வாசித்தும் மெட்டமைத்த கேரி ப்ரூக்கர், வரி எழுதிய கீத் ரீட். ஃபிஷர் 1969-லேயே குழுவைவிட்டு விலகினார். பிற்பாடு கணினி நிரல் எழுதும் வேலைக்குப் போனார். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. உழுதவன் கணக்குப் பார்த்தது 2005-ல், பாட்டு வந்து 38 ஆண்டுகள் கழித்து. இந்த இசைக்கு நானும் ஓர் ஆசிரியர், எனக்கும் பங்கு உண்டு என்று வழக்குப் போட்டார்.

ப்ரூக்கர் தரப்பையும் சொல்லிவிட வேண்டும், அது நியாயம். ஃபிஷர் குழுவுக்கு வருவதற்கு முன்பே மெட்டும் பாக் சாயலும் தம் பியானோவில் இருந்தன என்றார் அவர். வாத்தியக்காரர் தம் பங்குக்கு அழகு சேர்ப்பது எந்தக் குழுவிலும் நடப்பதுதான், அதற்காக ஆசிரியர் ஆகிவிட முடியுமா என்பது வாதம். இது லேசில் தள்ளக்கூடிய வாதமில்லை. 2006 டிசம்பரில் உயர்நீதிமன்ற நீதிபதி பிளாக்பர்ன், பாட்டின் இசையில் 40 சதவீதம் ஃபிஷருடையது என்று தீர்ப்பளித்தார். முழுதும் இல்லை, பாதியும் இல்லை, 40. அளந்து கொடுத்த தீர்ப்பு. 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இணை ஆசிரியர் என்ற பெயர் இருக்கட்டும், இவ்வளவு தாமதமாக வந்தவருக்குப் பணம் கிடையாது என்றது. பேர் உண்டு, உழக்கு இல்லை! ஃபிஷர் விடவில்லை. 2009 ஜூலை 30, பிரபுக்கள் சபை. உச்ச நீதிமன்றம் அங்கே அந்த ஆண்டு அக்டோபரில்தான் தொடங்கியது, அதுவரை கடைசி நீதிமன்றம் அதுதான். ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் ஃபிஷர் பக்கம். தாமதம் உரிமையை அழிக்காது என்றார்கள். பழைய பாக்கி கிடையாது, வழக்குக்கு வந்த நாளிலிருந்து பங்கு உண்டு. அறுபதுகளை நினைவில் வைத்திருப்பவர்களில் நானும் ஒருத்தி, அந்த ஆர்கனுக்கு உரியவர் அங்கீகாரம் பெற்றதில் மகிழ்ச்சி என்ற பொருளில் நீதிபதி ஹேல் அம்மையார் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தட்டில் டிரம்ஸ் வாசித்தவர் குழுவின் ஆளே இல்லை. பில் ஈடன் என்ற ஜாஸ் கலைஞர், அன்றைய பதிவுக்குக் கூலிக்கு வந்தவர். பாட்டை ஆயிரம் தடவை கேட்டவர்களைக் கேளுங்கள், டிரம்ஸ் யார் என்று. அவருக்காக எந்த நீதிமன்றமும் கூடவில்லை. மெட்டு அவருடையதில்லை என்பதால் சட்டப்படி அது சரியாகவும் இருக்கலாம். பெயரைச் சொல்ல மட்டும் சட்டம் எதற்கு?

நம் நாட்டில் அந்தச் சட்டமும் இருக்கிறது. 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், 38பி பிரிவு. நிகழ்த்தும் கலைஞர் இவர்தான் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைத் தருகிறது. சில விலக்குகள் உண்டு, வழக்கறிஞர் நண்பர் பின்வரிசையில் இருக்கிறார், அவரைக் கேளுங்கள். சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் கச்சேரி மரபில் இது இருந்தது. சபா நோட்டீஸைப் பாருங்கள். பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார். கோயில் திருவிழா நோட்டீஸில் நாதஸ்வரமும் தவிலும் பெயரோடு இருக்கும். அங்கேயும் ஒத்து ஊதுகிறவர் பெயரைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. இரவெல்லாம் மூச்சடக்கிச் சுருதி பிடிக்கிறவர் அவர். மெல்லிசைக் கச்சேரிக்கு வந்தால் எல்லாரும் சேர்ந்து ஒரே பெயர்: மற்றும் குழுவினர். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று பெருமூச்சு விட்டே நாம் பழகிவிட்டோம். உழக்கைப் பிறகு பார்ப்போம், முதலில் கணக்கில் பெயர் ஏறட்டும்.

அதனால் மாமன்ற உறுப்பினர் அவர்களிடம் இந்த மேடையிலேயே ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டில் நடக்கும் விழாக் கமிட்டிகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கச்சேரி நோட்டீஸில் வாசிக்கிற ஒவ்வொருவர் பெயரும் வாத்தியத்தோடு அச்சாக வேண்டும். அறிவிப்பாளர் தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை அந்தப் பெயர்களைப் படிக்க வேண்டும். செலவாகுமே என்பார்கள். அச்சக உரிமையாளரிடம் வரும் வழியிலேயே கேட்டுவிட்டேன். நான்கு வரி கூடினாலும் ரேட் அதேதான் என்கிறார். எழுந்து நின்று தலையாட்டுங்கள் ஐயா, எல்லாரும் பார்க்கட்டும். நன்றி.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. வரிகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன், அது இன்றைக்கு நடக்காது. ஒரு விருந்தில் யாரோ சொன்ன சொற்றொடரைக் காதில் வாங்கித்தான் கீத் ரீட் தலைப்பைப் பிடித்தார். மீதி முழுதும் என்ன பொருள் என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. பொருள் பிடிபடாததும் பாட்டின் ஆயுளுக்கு ஒரு காரணம் என்பது என் கட்சி. நூலகர் அம்மையார் இன்னொரு மாதம் தேதி கொடுத்தால் விரிவாகப் பேசத் தயார். ப்ரூக்கர் 2022-லும் ரீட் 2023-லும் மறைந்தார்கள். அவர்கள் இருவருக்கும் என் வணக்கம்.

நோட்டீஸில் பெயர் போடச் சொல்லும் அந்த வேண்டுகோளுக்கான கையெழுத்துப் படிவம் வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. வட்டத்தின் இளைஞர்கள் இருவர் அங்கே நிற்கிறார்கள். பெயர், முகவரி, கையெழுத்து, அவ்வளவுதான். வீட்டில் யாராவது வாத்தியம் வாசிப்பவர் இருந்தால் அவர் பெயரையும் எந்த வாத்தியம் என்பதையும் கடைசிப் பத்தியில் எழுதுங்கள். பங்குனி விழா நோட்டீஸ்கள் அச்சுக்குப் போவதற்குள் கமிட்டிகளிடம் சேர்க்க வேண்டும். நன்றியுரை சொல்ல வரும் செயலாளர் தம்பி, தபேலா வாசிக்கத் தெரிந்தவர் என்று கேள்விப்பட்டேன். முதல் கையெழுத்து அவருடையது.