ஒரு குசினி, ஆறு பேர்

எல்லோருக்கும் வணக்கம்.

என்னைக் கூப்பிட்டவர்கள் தந்த தலைப்பு ‘கோலிவிங்’. வீட்டில் அம்மாவுக்கு விளக்கினேன்: ஆளுக்கொரு அறை, குசினியும் விறாந்தையும் பொது, மாதம் ஒரு வாடகை. “போடிங் எண்டு சொல்லன்” என்றார். மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்து போடிங்கில் காலம் தள்ளியவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். கை தூக்கச் சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டில் இதைப் பெரிதாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். லண்டனில் ஓல்ட் ஓக் பகுதியில் 2016 இல் 500க்கும் மேற்பட்ட அறைகளோடு ஒரு கட்டடம் திறந்தார்கள். உடற்பயிற்சிக்கூடம், சினிமா அறை எல்லாம் உள்ளேயே. நடத்திய நிறுவனம் 2021 இல் நொடித்துப் போனது. அது கொரோனாக் காலம், வியாபாரக் கணக்கு வேறு, அதை விடுவோம். என் சந்தேகம் சின்னது. 500 பேர் இருக்கும் இடத்தில் கழுவாத சட்டியை யார் வைத்துவிட்டுப் போனது என்று எப்படித் தெரியும்? தெரியாத இடத்தில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. அது ஹோட்டல்.

டென்மார்க்காரர் வேறு மாதிரி யோசித்தார்கள். குழந்தைக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்று 1967 இல் ஒரு பெண் பத்திரிகையில் எழுதினார். அந்தப் பேச்சு வளர்ந்து, 1972 இல் செட்டெடாமன் என்ற இடத்தில் 27 வீடுகள் எழுந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தக் குசினி உண்டு. அது போக ஒரு பொது வீடு, அங்கே சேர்ந்து இரவுச் சாப்பாடு. இதை வாசித்தபோது எங்கள் கிழக்கு மாகாண வளவுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கிற ஊர் நம்முடையது. ஒரே வளவில் அக்கா வீடு, தங்கச்சி வீடு, நடுவில் கிணறு. அடுப்பு தனி, தண்ணீர் பொது. அக்காவோடு சண்டை என்றாலும் வாளியோடு கிணற்றடிக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

ஆனால் சேர்ந்து வாழ்வதை ஒரேயடியாகப் புகழ எனக்கு வாய் வராது. 2006 இல் போரால் சம்பூரை விட்டு வெளியேறிய சனம் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாம்களில் எத்தனை வருடம் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை, தகரத்துக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம் இருமுவது கேட்கும். அதுவும் சேர்ந்து வாழ்ந்ததுதான். அதைச் சமூகம் என்று மேடையில் அழகாகச் சொன்னால், அங்கே பிள்ளை வளர்த்த தாய்மார் எழும்பிப் போய்விடுவார்கள். சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுப் போகவும் முடிய வேண்டும்.

சரி, என் போடிங்குக்கு வருகிறேன். உப்புவெளிப் பக்கம். ஆறு பெண்கள், ஒரு குசினி, ஒரு பிரிட்ஜ். அக்கரைப்பற்று ரீச்சர், குருநாகல் நர்ஸ் நங்கி, ஹற்றனில் இருந்து படிக்க வந்த இரண்டு பிள்ளைகள், வவுனியா வங்கி அக்கா, நான். முதல் மூன்று மாதம் முட்டையில் மார்க்கரால் பெயர் எழுதினோம். பாதித் தேங்காய் காணாமல் போனால் அன்று வீடே அமைதி. சுவரில் முறை அட்டவணை ஒட்டினோம். அட்டவணையை எழுதியவளைத் தவிர வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. எழுதியவள் நான்.

பிறகு 2022, நாட்டில் பொருளாதார நெருக்கடி. காஸ் இல்லை. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. வீட்டுக்கார அன்ரி மாமரத்துக்குக் கீழே மூன்று கல் வைத்து, “இதிலே சமையுங்கோ” என்றார். ஆறு பேருக்கு ஆறு தடவை அடுப்பு மூட்ட விறகு ஏது? ஒரே பானைதான். ஆனால் பானையில் எதைப் போடுவது? ரீச்சர் ஹலால் இல்லாத இறைச்சியைத் தொட மாட்டார். வங்கி அக்கா வெள்ளிக்கிழமை விரதம். நங்கிக்கு மாசிக் கருவாடு இல்லாவிட்டால் சம்பல் சம்பலே இல்லை. யாரையும் விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரும் பிரசங்கம் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் எல்லோரும் சாப்பிடலாம் என்று ரீச்சர்தான் கண்டுபிடித்தார். ஆகக் கூடுதலான கட்டுப்பாடு யாருக்கோ, அவருடைய நாளே பொது நாள். மாசிச் சம்பல் மட்டும் தனிக் கிண்ணத்தில், சிவப்பு மூடி போட்டு. தெரியாமல் அக்கா எடுத்துவிடக் கூடாதே.

அந்த நாட்களில் இருட்டில் முற்றத்தில் இருந்து கதைத்த கதைகள் கொஞ்சமல்ல. ஹற்றன் பிள்ளைகளின் தேயிலைத் தோட்ட லயக் காம்பராவில் எத்தனை பேர் படுப்பார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நெருக்கடி மனிதரைச் சேர்க்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் காஸ் திரும்பி வந்த கிழமையே ஐந்து அறைக் கதவுகளும் சாத்தினபடி கிடந்தன. ஆறாவது என்னுடையது, அதுவும் சாத்தித்தான் இருந்தது. மற்றதெல்லாம் கலைந்துபோனது, வெள்ளிக்கிழமைப் பானை மட்டும் நின்றது. ஏனென்றால் அதில் ஒருவருக்கு மரக்கறி வாங்கும் முறை, இன்னொருவருக்குத் தேங்காய் துருவும் முறை. வராவிட்டால் ஐந்து பேர் பசியோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுவரில் ஒட்டிய அட்டவணைக்கு வராத மரியாதை அந்த ஐந்து முகத்துக்கு வந்தது. அறைகளைவிட இந்த முறைதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். நிலாவெளியில் கோலிவிங் கட்டப் போவதாக ஒரு தம்பி வரைபடம் கொண்டுவந்து காட்டினார். வைஃபை எங்கே, ஏசி எங்கே என்று எல்லாம் குறித்திருந்தார். குசினி படிக்கட்டுக்குக் கீழே, ஒருவர் நிற்கும் அளவுக்கு. அதை முன்னுக்குக் கொண்டுவரச் சொன்னேன். வாடகை அறை ஒன்று குறையும் என்று கவலைப்பட்டார். கணக்கு அவருக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

போன மாதம் அந்தப் போடிங்குக்குப் போனேன். எங்கள் ஆறு பேரில் ஒருவரும் இப்போது அங்கே இல்லை. வெள்ளிக்கிழமை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, இரண்டு கிண்ணத்தில் சம்பல், ஒன்றுக்குச் சிவப்பு மூடி. ஏன் சிவப்பு என்று பரிமாறிய பிள்ளையைக் கேட்டேன்.

“தெரியாது அக்கா, இங்க அப்பிடித்தான்” என்றாள்.