குவேசார் ஒளியில் விழும் பள்ளங்கள்

அவையோருக்கு வணக்கம்.

குவேசார் என்பது பெருங்கருந்துளையில் விழும் பொருளால் மிகப் பிரகாசமாக ஒளிரும் தொலைதூரப் பேரடை மையம். அதைச் சுற்றியுள்ள வாயு மிக மங்கலானது. ஆனால் பின்னாலிருந்து வரும் ஒளியை அது மறிக்கும்போது நிறமாலையில் பள்ளம் விழுகிறது. நாம் படிப்பது அந்தப் பள்ளத்தைத்தான்.

பள்ளம் எந்த அயனியுடையது என்பது முதல் கேள்வி. ஒற்றைப் பள்ளத்தை நம்பாதீர்கள், ஜோடியைத் தேடுங்கள். மூன்று எலக்ட்ரான் இழந்த கார்பன் 1548.20, 1550.77 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) என்ற இரு இடங்களில் ஒளியை உட்கவர்ந்து இரு வரிகள் தரும். செம்பெயர்ச்சி, அதாவது ஒளியின் அலைநீளம் நீண்டிருக்கும் அளவு, 2 உள்ள குவேசாரில் 4500-இல் பள்ளம் தெரிகிறது என்று வையுங்கள். 4500-ஐ 1548.20-ஆல் வகுத்தால் 2.9066. அதை 1550.77-ஆல் பெருக்கினால் 4507.5. அங்கே இன்னொரு பள்ளம் அதே வடிவத்தில் இருந்தால் கார்பன் என்று கொள்ளலாம். 2.9066-இல் 1 கழித்தால் வாயுவின் செம்பெயர்ச்சி 1.9066, குவேசாரிலிருந்து நம் பக்கமாக நொடிக்குச் சுமார் 9,500 கி.மீ. வேகத்தில் வீசப்படுகிறது. அல்லது, அது வழியில் கிடக்கும் வேறொரு பேரடையின் வாயு!

எதுவென்று எப்படிச் சொல்வது? பள்ளத்தின் அடியைப் பாருங்கள். கார்பனின் 1548 வரி மற்றதைவிட இரு மடங்கு வலுவானது. வாயு ஒளிமூலத்தை முழுதாக மறைத்தால், வலு குறைந்த வரியில் ஒளியில் 0.5 பங்கு மிஞ்சும் இடத்தில் வலுவான வரியில் 0.25 மிஞ்ச வேண்டும். இரண்டிலும் 0.4 மிஞ்சினால்? வரிகள் நிறைவுற்றுவிட்டன, அதாவது வாயு தன் மேல் பட்ட ஒளி முழுவதையும் விழுங்கிவிட்டது, ஆனால் வாயு ஒளிமூலத்தில் 60 சதவீதத்தையே மறைக்கிறது. மீதி 40 பக்கவாட்டில் தப்பி வருகிறது. ஒளிமூலம் மிகச் சிறியது. அதையே பாதி மறைக்கும் வாயு பெரும்பாலும் குவேசாருக்கே உரியது. காலப்போக்கில் பள்ளம் மாறுவதும் அதே பக்கம் சாட்சி சொல்லும்.

இதைக் கவனியாமல் 0.4-ஐ நேரடியாக மடக்கையில் போட்டால் ஒளித்தடிமன், அதாவது வாயு ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு, 0.92 என்று வரும். உண்மை பல மடங்கு அதிகம். வாயுவின் அளவு தவறாகக் குறைந்துபோக இதுதான் முக்கியக் காரணம். அகலத்தை வேகமாக மாற்றிச் சொன்னால், நொடிக்கு 2,000 கி.மீ.க்கு மேல் அகன்ற பள்ளங்களில் இந்த ஜோடி முறை பலிக்காது. ஜோடியின் இடைவெளியே 500 கி.மீ.தான், இரண்டும் ஒன்றில் கலந்துவிடும்.

குவேசாரின் சொந்தச் செம்பெயர்ச்சியைக் கார்பனின் உமிழ்வு வரியிலிருந்து, அதாவது நிறமாலையில் பள்ளமாக அல்லாமல் மேடாகத் தெரியும் வரியிலிருந்து, எடுக்காதீர்கள். அது நீலப் பக்கம் நொடிக்கு நூற்றுக்கணக்கான கி.மீ., சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல் நகர்ந்திருக்கும். மக்னீசியம் வரி அதைவிட நம்பகமானது. காற்று, வெற்றிட அலைநீளங்களைக் குழப்பினாலும் நொடிக்கு 80 கி.மீ. பிழை வந்துவிடும்.

வாயு கருந்துளையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பள்ளம் நேரடியாகச் சொல்லாது. அதற்கு அடர்த்தி வேண்டும். மூன்று எலக்ட்ரான் இழந்த கந்தகம் தரைநிலையில் 1062.66-இலும், சற்றுக் கிளர்ந்த நிலையில் 1072.97-இலும் ஒளியை உட்கவரும். எலக்ட்ரான் மோதல் மிகுந்தால் கிளர்ந்தவை பெருகும். விகிதத்திலிருந்து அடர்த்தி கிடைக்கும். அயனியாக்கத்தின் அளவும் குவேசாரின் ஒளித்திறனும் சேர்ந்தால் தூரம். இப்படி அளந்த பல வாயு வீச்சுகள் கருந்துளையிலிருந்து 100 பார்செக்குக்கும் அப்பால், அதாவது 326 ஒளியாண்டுக்கு மேல் இருக்கின்றன.

ஆனால் அந்தக் கந்தக வரிகள் ஹைட்ரஜனின் 1215.67-க்குக் கீழே, ஹைட்ரஜன் பள்ளங்கள் அடர்ந்த பகுதிக்குள் விழுகின்றன. அதனால் கார்பன் பள்ளத்தின் வேக வடிவத்தை அச்சாக வைத்து, அதற்குள் பொருந்தும் பகுதியை மட்டும் கந்தகத்தின் கணக்கில் சேருங்கள்.