அனுப்புன மெயில் எங்க போச்சு?

வணக்கம் நேயர்களே. தீபாவளி நெருங்கிடுச்சுன்னா கடைக்காரங்க பல பேர் கேக்கறது ஒண்ணுதான், "சார், இத்தன பேருக்கு ஆஃபர் மெயில் போட்டோம், ஒரு ஆர்டர் கூட வரல, டிசைன் சரியில்லையா?"ன்னு. டிசைன் கெடக்கட்டுங்க, மொதல்ல அது இன்பாக்ஸுக்குப் போச்சா இல்ல ஸ்பேம்ல கெடக்கான்னு பாருங்க.

2024 பிப்ரவரில இருந்து ஜிமெயில் ரொம்ப கறாரா இருக்கு. ஜிமெயில் ஐடிகளுக்கு ஒரு நாளைக்கு 5000 மெயில், அதுக்கு மேல அனுப்பறவங்க எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணும் செட் பண்ணியிருக்கணும். பேரு பயமுறுத்தும், விஷயம் இவ்ளோதான்: இது நெஜமாவே உங்க டொமைன்ல, அதாவது உங்க வெப்சைட் பேர்ல, இருந்துதான் வருதுன்னு காட்டற அத்தாட்சி. கம்மியா அனுப்பறவங்களும் போட்டுக்கறது நல்லது. ஒரு மெயில உங்களுக்கே அனுப்பி, கம்ப்யூட்டர்ல ஜிமெயில்ல தொறந்து, மூணு புள்ளி மெனுல 'ஷோ ஒரிஜினல்' அமுக்குங்க, மூணுக்கும் நேரா 'பாஸ்'னு இருக்கணும். இல்லன்னா வெப்சைட் பண்ணிக்குடுத்த தம்பியப் புடிங்க, அவர் வேல அது.

அடுத்தது, காசு குடுத்து வாங்கற லிஸ்ட். இதுல எனக்குக் கோவமே வரும். பென்டிரைவ்ல ஆயிரக்கணக்குல ஐடி போட்டு விக்கறாங்க, அதுல பாதி செத்த ஐடி, சிலது ஸ்பேம் அனுப்பறவனப் புடிக்கவே வச்சிருக்கற பொறி, மிச்சம் உங்க கடைப் பேரே கேள்விப்படாத ஜனம். அவங்க 'ஸ்பேம்'னு அமுக்குவாங்க. அந்த ரேட் 0.3 சதவீதத்தத் தொடவே கூடாதுன்னு கூகுள் சொல்லுது, அதாவது ஆயிரத்துக்கு மூணு பேர். 0.1-க்குள்ள இருந்தா நிம்மதி. 0.3-ஐத் தாண்டிட்டா உங்க டொமைனுக்கே கெட்ட பேரு, அப்புறம் ரெகுலர் கஸ்டமருக்கு அனுப்பற மெயிலும் ஸ்பேம்லதான் போய் விழும். போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ்னு கூகுளே ஃப்ரீயா குடுக்குது, நீங்க அனுப்பற மெயில் எண்ணிக்கை போதுமான அளவுக்கு இருந்தா இந்த ரேட்ட அதுல பாக்கலாம்.

அன்சப்ஸ்கிரைப் பட்டன ஒளிச்சு வைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், வேணாங்கறவன் அதத் தேடிக்கிட்டு நிக்க மாட்டான், கைக்குப் பக்கத்துல இருக்கற ஸ்பேம் பட்டனத்தான் அமுக்குவான். விலகறேன்னவங்கள ரெண்டு நாளைக்குள்ள தூக்கிடணும், அதுவும் கூகுள் ரூல்தான். இன்னொரு கூத்து, மெயிலோட எச்டிஎம்எல், அதாவது அதோட கோடு, 102 கேபிக்கு மேல போனா ஜிமெயில் அதோட வால வெட்டிடும், அந்த வால்லதான் நீங்க அன்சப்ஸ்கிரைப்ப வச்சிருப்பீங்க!

நோட்டீஸ அப்படியே ஒரே படமா ஒட்டறதும் வேணாம். படம் லோடு ஆகலன்னா வெறும் வெள்ளைத் தாள்தான் தெரியும். புடவை என்ன விலை, ஆஃபர் எந்தத் தேதி வரைக்கும், இத எழுத்தாவே போடுங்க.

"40 சதவீதம் பேர் ஓப்பன் பண்ணியிருக்காங்க சார்"னு சந்தோஷப்படறவங்களும் உண்டு. மெயில்ல இருக்கற படம் லோடு ஆகறத வச்சுதான் ஓப்பன்னு எண்ணுவாங்க. 2021-ல ஆப்பிள் கொண்டு வந்த பிரைவசி வசதியால, ஐஃபோன் மெயில் ஆப்ல ஆள் தொறக்காமலே படம் லோடு ஆகி ஓப்பன்னு கணக்கு காட்டும். அதனால கிளிக்கப் பாருங்க, ஆர்டரப் பாருங்க.

தீபாவளிக்குன்னா, வருஷம் பூரா சும்மா இருந்துட்டு கடைசி வாரத்துல எல்லாருக்கும் ஒரே நாள்ல கொட்டாதீங்க. சமீபத்துல வாங்குனவங்களுக்கு மொதல்ல போடுங்க, ரெண்டு நாள் விட்டு அடுத்த செட்டு, அப்படியே கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. வருஷக்கணக்கா ஒரு கிளிக் கூட பண்ணாத ஐடிகள இந்தத் தடவ விட்டுடுங்க. நன்றி, வணக்கம்.