சலேர்ஸ் சீஸ்: கன்னு இல்லாம கறக்கவே முடியாது!

வணக்கம் மக்களே. இன்னைக்கு கொஞ்சம் கடுப்போடதான் வந்திருக்கேன். போன வீடியோல சலேர்ஸ் ஊரைக் காட்டினேன்ல, பிரான்ஸ்ல கான்தால் மலைப்பக்கம், எரிமலைக் கல்லுல கட்டின வீடுங்க. அதுக்குக் கீழ பாதிப் பேர் ஒரே கேள்விதான்: "கான்தால் சீஸும் சலேர்ஸ் சீஸும் ஒண்ணுதானே?" இல்லப்பா!

கான்தால் வருஷம் பூரா செய்வாங்க, ஃபேக்டரியிலயும் செய்வாங்க. சலேர்ஸ் அப்படி இல்ல. ஏப்ரல் 15லேர்ந்து நவம்பர் 15 வரைக்கும்தான், மாடு பச்சைப்புல் மேயற காலம். பண்ணையிலேயே, காய்ச்சாத பால்ல செய்யணும். 2022 ஆகஸ்ட்ல புல் காய்ஞ்சு போச்சு, உற்பத்தியையே நிறுத்திட்டாங்க. வைக்கோலைப் போட்டு சமாளிக்கிற வேலையெல்லாம் அங்க கிடையாது.

அதுலயும் உசத்தி 'ட்ரடிசியோன் சலேர்ஸ்'. சலேர்ஸ் மாட்டுப் பால் மட்டும்தான். செம்பழுப்பு நிறம், வளைஞ்ச பெரிய கொம்பு. இந்த இனத்தை மேம்படுத்தின திஸ்ஸாந்தியே தெஸ்கூவுக்கு ஊர் நடு சதுக்கத்துல சிலையே இருக்கு. மாடு வளர்த்தவருக்கு சிலை! அதான் எனக்கு இந்த ஊரைப் பிடிக்கும்.

கறவைக்கு வருவோம். கன்னு பக்கத்துல இல்லைன்னா இந்த மாடு பாலை அடக்கிக்கும். அதனால கன்னை அவுத்து விடுவாங்க, ஒவ்வொரு காம்பா முட்டிக் குடிக்கும். பால் இறங்கினதும் கன்னை இழுத்து, தாயோட முன்னங்கால்கிட்ட கட்டிட்டுக் கறப்பாங்க. கடைசிப் பாலை கன்னுக்கு விட்டுடுவாங்க. கொழுப்பு அதிகம் இருக்கறதே அந்தக் கடைசிப் பால்லதான்.

கறந்த சூட்டோட 'ஜெர்ல்'னு ஒரு மரத்தொட்டியில ஊத்தி, பாலை உறைய வைக்கிற ரென்னெட் போடுவாங்க. தொட்டியை சோப்பு போட்டுத் தேய்ச்சா கெட்டுது போங்க. மரத்துல ஒட்டியிருக்கிற நல்ல பாக்டீரியாதான் பாலைப் புளிக்க வைக்குது. தயிருக்கு உறை ஊத்தற மாதிரி, ஆனா இங்க பாத்திரமே உறை!

ஐயோ, உப்பை விட்டுட்டேனே! கன்னைக் கட்டினதும் அதோட முதுகுல கொஞ்சம் உப்பு தூவுவாங்க. தாய் அதை நக்கிக்கிட்டே அசையாம நிக்கும். எனக்கு இந்த வீடியோவே இந்த ஒரு பிடி உப்புக்காகத்தான்.

சரி, தொட்டிக்கு வருவோம். உறைஞ்சதை வெட்டி, அழுத்தி, புளிக்க விட்டு, திரும்பப் பொடிச்சு உப்பு கலந்து, அச்சுல போட்டு மறுபடி அழுத்தணும். ரெண்டு தடவை அழுத்தறதுதான் இதோட கணக்கு. மோர்த்தண்ணி சரியா வடியலைன்னா உள்ள விரிசல் விட்டு, கசக்க ஆரம்பிச்சிடும். 40 கிலோ சீஸ் வட்டத்துக்கு கிட்டத்தட்ட 400 லிட்டர் பால். அப்புறம் குறைஞ்சது மூணு மாசம் நிலவறையில.

வாங்கறப்போ முழு வட்டத்துல சிவப்பு அலுமினியத் தகடு இருக்கான்னு பாருங்க. ட்ரடிசியோன்னா மேல்தோல்ல மாட்டுத்தலை முத்திரையும் இருக்கும். துண்டு போட்டு வச்சிருந்தா, மீதி வட்டத்தைக் காட்டச் சொல்லுங்க. காட்டலைன்னா, கான்தால் விலைக்கு மேல ஒரு யூரோ கூட குடுக்காதீங்க.